விருப்பம் வேறு, வரவு வேறு: நுகர்வோர் தேர்வு எப்படி அமைகிறது?

ஒரு பொருளின் விலை ஏறுகிறது. அதை வழக்கமாக வாங்கிவந்தவர் வாங்குவதைக் குறைத்துக்கொள்கிறார். அவருக்கு அதன் மீதிருந்த ஆசை தணிந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அது அவருக்கு என்றுமே அவ்வளவு தேவைப்பட்டதில்லை என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். அவர் எதை விரும்புகிறார் என்பதும் அவரால் எதை வாங்க முடிகிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். பொருளியலின் நுகர்வோர் கோட்பாடு இவ்விரண்டையும் முதலில் பிரித்து வைக்கிறது. பிறகு அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தைத் தேர்வு என்று காட்டுகிறது. மனிதரைக் கணக்குப் பார்க்கும் இயந்திரமாக்கிவிட்டது என்று இக்கோட்பாட்டைப் பழிப்பவர்களும், மகிழ்ச்சியை அளந்து தருகிறது என்று இதைப் புகழ்பவர்களும், இந்தப் பிரிவினையைக் கவனிக்காமலேயே பேசுகிறார்கள்.

விருப்பம்: விலை எழுதப்படாத வரிசை

ஒரு வாசகரை எடுத்துக்கொள்வோம். தம்மிடம் உள்ள பணம் முழுவதையும் அவர் நூல்களுக்கும் திரைப்படச் சீட்டுகளுக்கும் மட்டுமே செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்மை வாழ்க்கையில் பண்டங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு; ஆனால் இங்கே இரண்டை வைத்துச் சொல்பவை பலவற்றுக்கும் பொருந்தும். இத்தனை நூல்கள், இத்தனை சீட்டுகள் என்று சேர்ந்து வரும் ஒவ்வொரு சேர்க்கையையும் தொகுப்பு என்போம். 4 நூல்களும் 8 சீட்டுகளும் ஒரு தொகுப்பு; 3 நூல்களும் 10 சீட்டுகளும் வேறொரு தொகுப்பு.

இந்தத் தொகுப்புகளை, விலையைப் பற்றிய பேச்சே இல்லாமல், எது மேல், எது கீழ், எவை சமம் என்று அவர் மனத்துக்குள் வரிசைப்படுத்தும் முறைக்குத்தான் விருப்பம் என்று பெயர். இலவசமாகக் கொடுத்தால் எதை எடுப்பீர்கள் என்று கேட்டால் வரும் விடை அது. வாங்க முடியாத ஒன்றை விரும்புவதில் எந்த முரணும் இல்லை. வாங்க முடிந்தும் வேண்டாம் என்று விடுவதிலும் இல்லை.

இந்த வரிசையிடம் கோட்பாடு கேட்பவை மிகக் குறைவு. எந்த இரு தொகுப்புகளை நீட்டினாலும் அவரால் ஒப்பிட்டுச் சொல்ல முடிய வேண்டும், இது முழுமை. முதலாவதை இரண்டாவதைவிடவும், இரண்டாவதை மூன்றாவதைவிடவும் மேலாகக் கருதுபவர், முதலாவதை மூன்றாவதைவிட மேலாகக் கருத வேண்டும். இது கடப்புத் தன்மை. இந்த இரண்டாவது நிபந்தனை ஏன் என்று கேட்பவர்கள், அது இல்லாதவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். முதலாவதைவிட மூன்றாவதும், மூன்றாவதைவிட இரண்டாவதும், இரண்டாவதைவிட முதலாவதும் மேல் என்று சுற்றிச் சுற்றி நினைப்பவரிடம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு தொகுப்புகளை மாற்றித் தந்துகொண்டே இருந்தால், மூன்று மாற்றங்களில் அவர் தொடங்கிய தொகுப்புக்கே திரும்பியிருப்பார். பணம் மட்டும் குறைந்திருக்கும்.

விருப்பம் தன்னலமாக இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பொருளியல் மீது வைக்கப்படும் புகார்களில் இதுவே மிகவும் பரவலானது, மிகவும் அடிப்படையற்றதும் கூட. பிறருக்குக் கிடைக்கும் நன்மையும் ஒருவரின் வரிசையில் இடம்பெறலாம். ஜேம்ஸ் ஆண்ட்ரியோனியும் ஜான் மில்லரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களிடம் ஒரு தொகையைக் கொடுத்து, அதைத் தமக்கும் முன்பின் அறியாத மற்றொருவருக்கும் பங்கிடச் சொன்னார்கள். கொடுப்பதற்கான ‘விலை’யை, அதாவது மற்றவருக்கு ஓர் அலகு சேரத் தாம் எவ்வளவு விட வேண்டும் என்பதை, சுற்றுக்குச் சுற்று மாற்றினார்கள். பலர் கணிசமாகக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்ததும் பெரும்பாலும் முரணற்ற ஒரே வரிசைக்குள் அடங்கியிருந்தது. ஈகையும் ஒரு விருப்பமே.

பயன்பாடு: வரிசைக்கு ஒட்டிய எண்

வரிசையைச் சொற்களில் சொல்லிக்கொண்டிருப்பது சுமை. ஆகவே ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் எண்ணைத் தருகிறார்கள். மேலான தொகுப்புக்குப் பெரிய எண், சமமானவற்றுக்கு ஒரே எண். இந்த எண்ணே பயன்பாடு. நம் வாசகரின் வரிசைக்கு, நூல்களின் எண்ணிக்கையைச் சீட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கிவரும் எண் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது 4 நூல்கள், 8 சீட்டுகள் என்ற தொகுப்பின் பயன்பாடு 32; 3 நூல்கள், 10 சீட்டுகள் என்பதன் பயன்பாடு 30; 5 நூல்கள், 6 சீட்டுகள் என்பதற்கும் 30.

முதல் தொகுப்பு மற்ற இரண்டைவிட 2 அலகு கூடுதல் மகிழ்ச்சி தருகிறது என்று இதைப் படிக்கத் தோன்றும். தவறு அங்கேதான் நுழைகிறது. அந்த எண்களின் வர்க்கத்தை எடுத்துப் பாருங்கள்: 1024, 900, 900. வரிசை அப்படியே இருக்கிறது. எது மேல் என்ற விடையும், எவை சமம் என்ற விடையும் மாறவில்லை. ஆனால் இடைவெளி மட்டும் 2இலிருந்து 124 ஆகிவிட்டது. ஒரே மனிதர், ஒரே விருப்பம், இரண்டு எண் பட்டியல்கள். இரண்டும் சம அளவில் சரியானவை. ஆகவே எண்ணின் பருமனுக்குப் பொருள் இல்லை. எது முன், எது பின் என்பதற்கே பொருள். ஒருவரின் 32ஐ இன்னொருவரின் 30உடன் ஒப்பிடுவதற்கும் இதனால் இடமில்லை.

தொடக்கத்தில் பொருளியலாளர்கள் இப்படி நினைக்கவில்லை. உயிருக்கே இன்றியமையாத நீர் மலிவாகவும், அலங்காரத்துக்கு மட்டும் உதவும் வைரம் விலை மிகுந்தும் இருப்பது ஏன் என்ற புதிரை 1776இல் ஆடம் ஸ்மித் குறிப்பிட்டார். அதற்குத் தெளிவான விடை கிடைக்க ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. ஜெவன்ஸும் மெங்கரும் 1871இலும், வால்ரஸ் 1874இலும், ஒருவரையொருவர் சாராமல் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: மொத்த நீரின் அருமை விலையைத் தீர்மானிப்பதில்லை, ஏற்கெனவே போதிய நீர் உள்ளவருக்குக் கூடுதலாக வரும் கடைசி அலகின் அருமையே தீர்மானிக்கிறது. அப்படிக் கடைசி அலகு கூட்டும் பயன்பாட்டை இறுதிநிலைப் பயன்பாடு என்கிறோம். ஒரே பொருள் சேரச் சேர அது குறைந்துகொண்டே போகும் என்பதை ஹெர்மான் கோசன் என்ற ஜெர்மானியர் 1854இலேயே எழுதியிருந்தார். வாங்க ஆளில்லாததால் எஞ்சிய பிரதிகளை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பது, நுகர்வோரைப் பற்றிய நூலுக்கு நேர்ந்த வேடிக்கையான முடிவு.

இவர்களிடம் பயன்பாடு ஏதோ அளக்கக்கூடிய ஒன்றாகவே இருந்தது. 1906இல் வில்ஃபிரடோ பரேட்டோ, தேர்வை விளக்க வரிசை மட்டும் போதும் என்று காட்டினார். 1934இல் ஜான் ஹிக்ஸும் ராய் ஆலனும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அதுவே பொதுவழி ஆனது.

இதுவரை வந்தவற்றைச் சேர்த்துச் சொன்னால்: விருப்பம் என்பது தொகுப்புகளின் வரிசை, பயன்பாடு என்பது அந்த வரிசையைக் குறித்துவைக்கும் எண். பயன்பாடு கூடுதலாக இருப்பதால் ஒருவர் ஒன்றை விரும்புகிறார் என்பது தலைகீழ்ப் பேச்சு. அவர் விரும்புவதால்தான் நாம் அதற்குப் பெரிய எண்ணை எழுதுகிறோம்.

உயரம் எழுதப்படாத மலை வரைபடம்

ஒரு மலையின் வரைபடத்தில், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து வளைகோடுகள் வரைந்திருப்பார்கள். அந்தக் கோடுகளின் மேல் மீட்டர் அளவுகள் அழிந்துபோய்விட்டன என்று கொள்வோம். எந்த இடம் எந்த இடத்தைவிட உயரம் என்பது அப்போதும் தெரியும். எவ்வளவு உயரம் என்பது தெரியாது. விருப்பத்தின் வரைபடமும் அப்படிப்பட்டதே. கிழக்கே போகப்போக நூல்கள் மிகும், வடக்கே போகப்போகச் சீட்டுகள் மிகும். சமமாக விரும்பப்படும் தொகுப்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சமநோக்கு வளைகோடு என்று பெயர். 1881இல் எட்ஜ்வொர்த் வரைந்து காட்டியது இது. நம் வாசகருக்கு 3 நூல்கள், 10 சீட்டுகள் என்ற புள்ளியும், 5 நூல்கள், 6 சீட்டுகள் என்ற புள்ளியும் ஒரே கோட்டில் உள்ளன. 4 நூல்கள், 8 சீட்டுகள் என்பது சற்று மேலான கோட்டில் இருக்கிறது.

இந்தக் கோடு நேராக இல்லாமல் வளைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 3 நூல்களும் 10 சீட்டுகளும் வைத்திருப்பவரிடம் நூல் அரிது, சீட்டு மிகுதி. இன்னொரு நூலுக்காக அவர் இரண்டரைச் சீட்டு வரை விட்டுக்கொடுத்தாலும் அதே கோட்டில்தான் நிற்பார், ஏனெனில் நான்கை ஏழரையால் பெருக்கினாலும் 30தான். (அரைச் சீட்டை எந்தத் திரையரங்கும் ஏற்காது, கணக்குக்காக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) அவரே 5 நூல்களும் 6 சீட்டுகளும் வைத்திருந்தால், ஒரு நூலை இழப்பதற்கு ஒன்றரைச் சீட்டே ஈடாகிவிடும். ஒன்றில் ஓர் அலகு கூடுவதற்காக, தம் நிலை தாழாமல், மற்றொன்றில் எவ்வளவை ஒருவர் விட்டுத்தர இசைவார் என்ற இந்த அளவு, இறுதிநிலைப் பதிலீட்டு வீதம். பயன்பாட்டு எண்களை வர்க்கம் செய்தாலும், வரிசை குலையாமல் வேறெப்படி மாற்றி எழுதினாலும் இந்த வீதம் மாறாது. அதனால்தான் கோட்பாட்டின் எடை முழுவதும் எண்ணின் மேல் விழாமல் இதன் மேல் விழுகிறது.

வரவு: மலையின் குறுக்கே ஒரு வேலி

இப்போது பணத்துக்கு வருவோம். வாசகரிடம் 160 அலகு பணம் இருக்கிறது. நூல் ஒன்றின் விலை 20, சீட்டு ஒன்றின் விலை 10. எல்லாவற்றையும் நூலுக்கே செலவிட்டால் 8 நூல்கள், சீட்டுக்கே செலவிட்டால் 16 சீட்டுகள். இவ்விரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு வரவுக் கோடு. மலையின் குறுக்கே போடப்பட்ட வேலி போல, அதற்கு இப்புறம் உள்ள தொகுப்புகளை வாங்கலாம். அப்புறம் உள்ளவற்றை வாங்க முடியாது.

வேலி எங்கே நிற்கிறது என்பதை வருமானம் சொல்கிறது. எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதை இரு விலைகளின் விகிதம் சொல்கிறது. ஒரு நூல் வாங்க 2 சீட்டுகளைக் கைவிட வேண்டும். நூலின் உண்மையான விலை அதுதான். வருமானமும் எல்லா விலைகளும் ஒருசேர இரட்டித்தால் வேலி ஓர் அங்குலம்கூட நகராது. பெரிய தொகைகளைக் கண்டு மயங்குபவர்களுக்கு இது பயனுள்ள சோதனை.

வேலி விருப்பத்தைப் பற்றி எதுவும் அறியாது. மலையும் வேலியைப் பற்றி எதுவும் அறியாது.

தொடும் இடம்

வேலியைத் தாண்டாமல் எட்டக்கூடிய மிக உயரமான இடம் எது? வாசகர் 3 நூல்கள், 10 சீட்டுகள் என்ற புள்ளியில் இருந்தால், இன்னொரு நூலுக்காக இரண்டரைச் சீட்டு வரை தர அவர் இசைகிறார்; சந்தை கேட்பதோ 2 மட்டுமே. மாற்றிக்கொள்வது ஆதாயம். 5 நூல்கள், 6 சீட்டுகள் என்ற புள்ளியில் இருந்தால், ஒரு நூலை விட ஒன்றரைச் சீட்டே போதும் என்கிறார்; சந்தையோ 2 தருகிறது. இப்போது எதிர்த்திசையில் மாறுவது ஆதாயம். இருபுறமிருந்தும் அவர் வந்து நிற்கும் இடம் 4 நூல்கள், 8 சீட்டுகள். அங்கே அவர் மனம் வைக்கும் மாற்று வீதமும் சந்தை வைக்கும் மாற்று வீதமும் ஒன்றாகின்றன; சமநோக்கு வளைகோடு வேலியைத் தொட்டுச் செல்கிறது. பாடநூல்கள் இதனை நுகர்வோர் சமநிலை என்கின்றன.

இதற்காக எவரும் கடையில் நின்று பெருக்கிப் பார்ப்பதில்லை. “இன்னும் ஒன்று வாங்கலாமா, அந்தப் பணத்துக்கு வேறொன்று வாங்கலாமா?” என்ற தயக்கம் போதும், அந்தத் தயக்கம் தீரும் இடத்தைத்தான் வரைபடம் குறிக்கிறது.

விலை மாறினால் நடப்பது என்ன?

சீட்டின் விலை 10இலிருந்து 20 ஆகிறது, மற்றவை மாறவில்லை. வேலி சீட்டுப் பக்கத்தில் உள்நோக்கிச் சாய்கிறது. இப்போது அதிகபட்சம் 8 சீட்டுகளே. நம் வாசகர் 4 நூல்கள், 4 சீட்டுகள் என்ற இடத்துக்கு வருகிறார். சீட்டுகள் பாதியாகிவிட்டன, நூல்களில் மாற்றமே இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் விலையேற்றம் நூல்களைத் தொடவே இல்லை என்று தோன்றும். உண்மையில் அங்கே இரண்டு விசைகள் எதிரெதிராக இழுத்துச் சமமாகியிருக்கின்றன.

அவற்றைப் பிரிக்க ஒரு கற்பனைச் சோதனை உண்டு. ரஷ்யப் பொருளியலாளர் யூஜின் ஸ்லட்ஸ்கி 1915இல் இத்தாலிய மொழி இதழொன்றில் எழுதி, நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது அது. விலையேற்றத்துக்கு ஈடாக, பழைய தொகுப்பையே மீண்டும் வாங்கத் தேவையான பணத்தை வாசகருக்குக் கொடுத்துவிடுவோம். 4 நூல்களுக்கு 80, 8 சீட்டுகளுக்கு 160, ஆக 240; அவரிடம் உள்ளது 160, ஆகவே 80 அலகு ஈடு. இப்போது அவர் பழைய தொகுப்புக்கே திரும்பிவிடுவாரா? மாட்டார். 6 நூல்கள், 6 சீட்டுகள் என்று வாங்குவார், ஏனெனில் அது அவருக்கு 36, பழையது 32தான். பணப்பையின் வலிமை குறையாதபோதும், ஒப்பீட்டு விலை மாறியதால் மட்டுமே 8 சீட்டுகள் 6 ஆவது பதிலீட்டு விளைவு. பிறகு அந்த ஈட்டைப் பறித்தால் 6 சீட்டுகள் 4 ஆகின்றன, 6 நூல்களும் 4 ஆகின்றன; வாங்கும் வலிமை குறைந்ததால் வரும் இந்தப் பகுதி வருமான விளைவு.

இந்தப் பிரிவினை வெறும் வகுப்பறை வித்தை அன்று. எரிபொருளுக்கு வரி விதித்து, வசூலான தொகையை எல்லோருக்கும் சமமாகத் திருப்பித் தரும் திட்டம் பேசப்படும்போதெல்லாம், “வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் யார் எரிபொருளைக் குறைப்பார்கள்?” என்ற கேள்வி எழுகிறது. கேட்பவர் வருமான விளைவை மட்டுமே காண்கிறார். திருப்பித் தரும் தொகை ஒருவர் எரித்த அளவைச் சாராதவரை, வேலியின் சாய்வு மாறியது மாறியதுதான். பதிலீட்டு விளைவு தன் வேலையைச் செய்யும்.

பதிலீட்டு விளைவு எப்போதும் விலை ஏறிய பொருளை விட்டு விலகியே இழுக்கும். வருமான விளைவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வருமானம் குறையும்போது கூடுதலாக வாங்கப்படும் பொருள்களும் உண்டு. அவை தாழ்நிலைப் பண்டங்கள். மிக வறியவர்களின் செலவில் பெரும்பங்கை விழுங்கும் அடிப்படை உணவு அத்தகையதாக இருந்தால், அதன் விலை ஏறும்போது, விலை மிகுந்த மற்ற உணவுகளைக் கைவிட்டு அதையே மேலும் வாங்க நேரலாம். இதனை ராபர்ட் கிஃபன் பெயரோடு இணைத்து ஆல்ஃபிரட் மார்ஷல் எழுதினார். நெடுங்காலம் ஐயத்துக்குரியதாகவே இருந்த இந்த விந்தைக்கு, சீனாவின் ஹூனான் மாகாணத்து ஏழைக் குடும்பங்களிடையே நடத்திய கள ஆய்வின் வழியாக ராபர்ட் ஜென்சனும் நோலன் மில்லரும் 2008இல் சான்று அளித்தார்கள்.

வேலியின் வலிமையைக் காட்ட இன்னொரு கணக்கும் சொல்லத் தக்கது. எந்த விருப்பமும் இல்லாமல், வரவுக் கோட்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு புள்ளியைத் தொடுபவர்களின் பெருங்கூட்டத்தை எண்ணிக்கொள்ளுங்கள். சீட்டு 10 ஆக இருந்தபோது சராசரியாக ஒருவர் 8 சீட்டுகள் வாங்கியிருப்பார். 20 ஆனபோது 4. நம் வாசகர் யோசித்து எட்டிய அதே எண்கள்! விலை ஏறினால் வாங்குவது குறையும் என்பதற்குப் பகுத்தறிவுகூடத் தேவையில்லை, வரவின் எல்லையே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும் என்று 1962இல் கேரி பெக்கர் காட்டியது இதுதான்.

சுருங்கச் சொன்னால், விலை மாற்றம் வேலியைத் திருப்பவும் செய்கிறது, உள்ளே தள்ளவும் செய்கிறது. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தேர்வைப் பார்த்து விருப்பத்தை அறிவது

மனத்துக்குள் உள்ள வரிசையை யாரும் பார்த்ததில்லை. கண்ணுக்குத் தெரிவது தேர்வு மட்டுமே. 1938இல் பால் சாமுவேல்சன் இதிலிருந்தே தொடங்கினார். ஒருவர் ஒரு தொகுப்பை வாங்கியபோது வேறொன்றையும் வாங்க முடிந்திருந்தது என்றால், வாங்கியதை அவர் மேலாகக் கருதினார் என்று கொள்ளலாம். இதுவே வெளிப்படுத்தப்பட்ட விருப்பம். மற்றதை வாங்கவே முடிந்திராவிட்டால், அந்தத் தேர்விலிருந்து எதையும் அறிய முடியாது.

நம் வாசகரிடமே இதைச் சோதிக்கலாம். பழைய விலையில் அவர் 4 நூல்கள், 8 சீட்டுகள் வாங்கினார். அன்று 4 நூல்கள், 4 சீட்டுகள் என்ற தொகுப்பின் விலை 120. வாங்க முடிந்தும் அதை விட்டார். எனவே முன்னதையே அவர் மேலாகக் கருதினார். புதிய விலையில் அவர் பின்னதை வாங்கினார். ஆனால் முன்னதன் விலை இப்போது 240, அவருக்கு எட்டாதது. ஆகவே இரண்டாவது தேர்வு முதல் தேர்வை மறுக்கவில்லை. திரைப்படத்தின் மீது அவருக்கு ஆசை போய்விட்டது என்று சொல்ல ஒரு சான்றும் இல்லை. புதிய விலையிலும் முன்னதை வாங்க முடிந்திருந்து, அப்போதும் பின்னதையே எடுத்திருந்தால் மட்டுமே விருப்பம் மாறியது என்றோ அவர் முரண்படுகிறார் என்றோ பேச இடமுண்டு.

இது பிடிபடாததால் எழும் தவறுகள் சிறியவை அல்ல. குறைந்த வருமானம் உள்ளவர்கள் மலிவான, தரம் குறைந்த ஒன்றைத் தொடர்ந்து வாங்குவதைக் கண்டு, அவர்களின் ரசனையே அதுதான் என்று முடிவு கட்டும் எழுத்தை அடிக்கடி பார்க்கிறோம். அவர்களின் வேலிக்கு அப்பால் கிடப்பவற்றைப் பற்றி அவர்களின் தேர்வு ஒன்றுமே சொல்லவில்லை.

கோட்பாடு சறுக்கும் இடம்

மேலே சொன்னவற்றில் வரவைப் பற்றிய பகுதி கணக்கு; அதை மறுக்க வழியில்லை. விருப்பத்தைப் பற்றிய பகுதி ஊகம். அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லா வாய்ப்புகளையும் ஒப்பிட மனிதருக்கு நேரமும் இல்லை, கணிக்கும் ஆற்றலும் இல்லை. போதுமான அளவுக்கு நல்லது கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள் என்று 1950களில் ஹெர்பர்ட் சைமன் வாதிட்டார். இது கோட்பாட்டைத் திருத்துகிறதே தவிர, அடியோடு கவிழ்ப்பதில்லை என்பது என் கருத்து.

ஜாக் நெட்ச் 1989இல் வெளியிட்ட சோதனை அதைவிட ஆழமாகப் பாய்கிறது. ஒரு குழுவுக்குக் கோப்பை ஒன்றையும் மற்றொரு குழுவுக்கு மிட்டாய்க் கட்டி ஒன்றையும் முதலிலேயே கொடுத்துவிட்டு, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். மூன்றாவது குழுவிடம் எதையும் கொடுக்காமல், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எதுவும் இல்லாமல் தொடங்கியவர்களில் 56 விழுக்காட்டினர் கோப்பையை எடுத்தார்கள். கோப்பையோடு தொடங்கியவர்களில் 89 விழுக்காட்டினர் கோப்பையையே வைத்துக்கொண்டார்கள். மிட்டாயோடு தொடங்கியவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே கோப்பைக்கு மாறினார்கள். மூன்று குழுக்களுக்கும் இறுதியில் எட்டக்கூடிய பொருள்கள் அதே இரண்டுதான். மாற்றிக்கொள்ளச் செலவும் இல்லை. வேலி ஒன்றாகவே இருந்தது. அப்படியென்றால் மாறியது மலை: எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதைப் பொறுத்து அதன் வடிவம் மாறியிருக்கிறது. ஒரே கோட்டில் இங்கிருந்து அங்கே போகவும் அங்கிருந்து இங்கே வரவும் ஒரே வீதம் போதும் என்ற எளிய சமநோக்கு வரைபடம் இங்கே பொருந்துவதில்லை. தொடக்க நிலையையும் விருப்பத்தின் ஒரு பகுதியாகச் சேர்த்து, பெறுவதற்கு ஒரு சரிவும் இழப்பதற்கு அதைவிடச் செங்குத்தான சரிவுமாக அந்த வரைபடத்தை இப்போது திருத்தி வரைகிறார்கள்.